ஐந்து பேரில் மூவர்

ஜவ்வாது மலையின் குக்கிராமங்களில் வீடுகள் கொஞ்சம்தான். அவற்றுக்குள் உறவுமுறை நெருக்கம். மலையாளி பழங்குடியினரின் ஊர்களில் பங்காளியும் மாமன் மச்சானும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். மகளிர் சுயஉதவிக் குழு தொடங்கினாலும் அந்த உறவுக்குள்தான் ஆள் சேர்க்க வேண்டும்.

வழக்கமாக ஒரு குழுவில் 10 முதல் 20 பேர். எளிதில் போய்ச்சேர முடியாத மலைப்பகுதிகளுக்கு 5 பேர் போதும் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் விதியைத் தளர்த்தியிருக்கிறது. நியாயமான சலுகை. ஆனால் 20 பேரில் மூவர் ஒட்டிக்கொண்டால் அது ஒரு மூலை. 5 பேரில் மூவர் ஒட்டிக்கொண்டால் அதுவே முடிவு.

ஓரகத்திகள் இருவர், நாத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சாமை விதைப்புக்கு முன் குழுச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் யாருக்கு என்பது முதல்நாள் இரவே அடுப்படியில் பேசி முடிந்துவிடுகிறது. மறுநாள் தீர்மானப் புத்தகத்தில் மற்ற இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த இருவரில் ஒருத்தி சந்தாவை மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.

நெருக்கத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. கர்நாடகத்தில் 1984-85 வாக்கில், மைராடா தொண்டு நிறுவனம் உதவிவந்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் தலைவர்கள்மீது நம்பிக்கை போய் உடைந்தபோது, ஒருவரையொருவர் நம்பியவர்கள் சிறுசிறு குழுக்களாகச் சேர்ந்தார்கள். 1987இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு அந்த முயற்சிக்கு 10 லட்ச ரூபாய் தந்தது. 1992இல் நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டம் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் முதலீடு அந்த நெருக்கமே. தவணை கட்ட முடியாதவளுக்குக் கைகொடுப்பவளும் பெரும்பாலும் சொந்தக்காரிதான்.

ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1908இலேயே மூவர் சேர்ந்து முடிவெடுத்துவிடும் சிக்கலின் வேரைக் காட்டினார். இருவர் மட்டும் இருக்கையில் யாரும் யாரையும் எண்ணிக்கையால் வெல்ல முடியாது. மூன்றாமவர் வந்ததும் பெரும்பான்மையும் வந்துவிடுகிறது, தனித்து விடப்படுபவரும் வந்துவிடுகிறார்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற குழு விதியும் உறவினர் மூவர் ஒட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஓரகத்திகளுக்குத் தனித்தனி அடுப்பு, தனித்தனி ரேஷன் அட்டை. காகிதத்தில் அவர்கள் வேறு வேறு குடும்பம்.

செய்யக்கூடியவை சிலவே. கூட்டம் யார் வீட்டிலும் வேண்டாம். பள்ளி வளாகத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ நடக்கட்டும். கடன் கோரிக்கையைக் கூட்டத்தில்தான் முதன்முதலாகச் சொல்ல வேண்டும். உறவு வட்டத்துக்கு வெளியே உள்ளவர் முதலில் பேச வேண்டும். கணக்குப் புத்தகமும் பணப்பெட்டிச் சாவியும் ஒரே உறவுக்குள் இருக்கக் கூடாது. ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகள் சுழற்சியில் மாற வேண்டும்.

இவற்றை மேற்பார்க்க வேண்டியது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. இன்று வங்கிக் கடனுக்கான தரமதிப்பீடு கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்கு ஆகிய ஐந்தையும் பார்க்கிறது. மூவர் ஆளும் குழுவும் இந்த ஐந்திலும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். கடந்த ஓராண்டில் கடன் யார் யாருக்குப் போனது, கேட்டும் கிடைக்காதவர் யார் என்பது ஆறாவது கேள்வியாகச் சேர வேண்டும். ஜவ்வாது மலையின் சின்னக் குழுக்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.