4 நாளில் மிதந்த கப்பல்!

1942-ம் ஆண்டு நவம்பர் மாதம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் ஒரு சரக்குக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். 4 நாள், 15 மணி, 29 நிமிடம். கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது! அதன் பெயர் 'ராபர்ட் இ. பியரி'. முந்திய ஆண்டில், இதே ரகத்தின் முதல் கப்பலைத் தண்ணீரில் இறக்க 5 மாதம் பிடித்தது.

வியக்க வேண்டியதுதான். ஆனால், 4 நாள் என்பது பாதிக் கதை. கட்டுமேடையில் வைத்து இணைத்த நேரம் மட்டுமே அது. கப்பலின் பாகங்கள் பெரும் பெரும் துண்டுகளாக முன்பே பற்றவைக்கப்பட்டுத் தயாராக இருந்தன. அந்த உழைப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

வீடு போன்ற துண்டை எங்கே வைப்பது? சீக்கிரம் முடித்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அடுத்த துண்டைத் தொடங்க முடியாது. தாமதித்தால் பாரந்தூக்கியும் ஆட்களும் சும்மா நிற்க வேண்டும். முதலில் போகவேண்டிய துண்டு பின்னால் மாட்டிக்கொண்டாலோ, கேட்கவே வேண்டாம்! பந்தி போட இடம் பார்க்காமல் சோறு வடித்த கல்யாண வீடுதான்.

எந்தத் துண்டு, எந்த நாள், எந்த இடம் என்று நிர்வாகம் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் "வேகம், வேகம்" என்று தொழிலாளியை விரட்டுவது வீண். இடமில்லாமல் கைகட்டி நிற்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

இன்று பெரிய தளங்களில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. ஆனாலும் இரும்புத் தகடு வந்து சேரத் தாமதமானால், கணக்கைத் திருப்பிப் போடத்தான் வேண்டியிருக்கிறது.