கான்டிராக்டர் இல்லாத வீடு

"வீட்டைக் கட்டிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர், சர்க்கார் பணத்தில் வீடு கட்டிப் பார்த்தவரல்ல. பார்த்திருந்தால் பழமொழி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

ஏழைக்கு வீடு கொடுக்கச் சர்க்காருக்கு இரண்டு வழி உண்டு. டெண்டர் விட்டு, குறைந்த தொகை கேட்டவரிடம் வேலையை ஒப்படைப்பது ஒன்று. குடியிருக்கப் போகிறவரிடமே தவணையாகப் பணம் கொடுத்து, "நீயே கட்டிக்கொள்" என்பது மற்றொன்று. பட்டணத்து அடுக்குமாடிக்கு முதல் வழிதான் சாத்தியம். அங்கே மேற்பார்வை கொஞ்சம் கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021-ல் ஊரே பார்த்தது. கை பட்டதும் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது!

தர்மபுரி ஜில்லாக் கிராமங்களில் நடப்பது இரண்டாவது வழி. 2016-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் ஊரக வீட்டுத் திட்டத்தில், கான்டிராக்டரை நுழைய விடக் கூடாது என்றே விதி இருக்கிறது. 2024-ல் மாநில சர்க்கார் அறிவித்த கலைஞர் கனவு இல்லமும் இதே பாதைதான். 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். தொகை மூன்றரை லட்சம் ரூபாய்.

இந்த வழியில் எனக்கு நிரம்ப மரியாதை உண்டு. பாலக்கோட்டிலோ மொரப்பூரிலோ ஓர் அம்மாள் தன் வீட்டுக்குக் கலவை போடும்போது நின்று பார்ப்பதைப் போல எந்த இன்ஜினீயரும் பார்க்க மாட்டார். ஒரு சட்டி சிமெண்டு குறைந்தால் சித்தாளை விட மாட்டாள்.

ஆனால் சாமான் வாங்குகிற சாமர்த்தியம் வேறு. மூன்றரை லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். உங்கள் ஊர் மேஸ்திரியிடம் அந்த விலையைச் சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு வெற்றிலையை மடிப்பார். அதனால்தான் சிமெண்டையும் கம்பியையும் சர்க்காரே மொத்தமாக வாங்கிக் கொடுத்து, கிரயத்தைத் தொகையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 2024-25-க்கு மட்டும் ஒரு லட்சம் வீடு என்று திட்டம். அவ்வளவுக்கும் சேர்த்து வாங்குகிறவரிடம் கம்பெனி இறங்கி வரும்; பத்து மூட்டை கேட்கிறவளிடம் வருமா?

சரி, அத்துடன் ஏன் நிற்க வேண்டும் என்பதே என் கேள்வி. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், சென்ட்ரிங் தகடு, ஆள் கூலி எல்லாம் அந்த அம்மாள் தனியாகப் பேரம் பேச வேண்டியவை. ஒரே பஞ்சாயத்தில் இருபது வீட்டுக்கு உத்தரவு வந்தால், இருபது பேரும் ஒரே வாரத்தில் ஒரே லாரிக்காரரைத் தேடுவார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்? தவணையோ சுவர் வளர்ந்த பிறகுதான் கைக்கு வரும். நடுவே கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. மேஸ்திரி, "மொத்தமா எங்கிட்ட விட்ருங்கக்கா" என்கிறார். முன்வாசலில் வேண்டாம் என்று அனுப்பிய கான்டிராக்டர் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறார், டெண்டரும் இல்லாமல், கையெழுத்தும் இல்லாமல்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். இருபது வீட்டு ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஊராட்சி ஒன்றியமே ஒரு விலை பேசி முடிக்கலாம். சென்ட்ரிங் தகடுகளை மகளிர் சுய உதவிக் குழு வாங்கி வைத்து வாடகைக்கு விடலாம். ஒரு வீட்டுத் தளம் இறுகியதும் தகடு அடுத்த வீட்டுக்குப் போகும். குழுவுக்கும் நாலு காசு.

மலைக் கிராமங்களுக்குத் தனிக் கணக்கே போட வேண்டும். 2021 சட்டசபைத் தேர்தலில், பென்னாகரம் தொகுதிக் கோட்டூர் மலைக்கு ஓட்டு இயந்திரம் கழுதை மேல் ஏறிப் போனது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். ரோடு எட்டாத இடத்துக்கு 50 கிலோ சிமெண்டு மூட்டையும் அப்படித்தான் ஏற வேண்டும். மத்தியத் திட்டம் சமவெளிக்கு 1,20,000 ரூபாயும், மலை மாநிலங்களுக்கும் கஷ்டப் பிரதேசங்களுக்கும் 1,30,000 ரூபாயும் தருகிறது. வித்தியாசம் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரத்துக்கு எத்தனை நடை வரும் என்று கழுதைக்காரரையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?