வீட்டைச் சீட்டிழுப்பில் விடலாமா?

ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, சுற்றியுள்ள காணிகளின் விலை ஏறும் என்று எமது வியாபாரிகள் பலர் எதிர்பார்த்தனர். நடந்ததோ வேறு. துறைமுக வாயிலை மணல் மூடியது. வடக்கே ஒலுவில், நிந்தவூர் கரைகளைக் கடல் அரித்தது. அக்கரையில் வீடு வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் அண்மையில் கேட்டார்: "வாங்க ஆளில்லை. ஆயிரம் ரூபா வீதம் பத்தாயிரம் டிக்கட் விற்றால் ஒரு கோடி. சீட்டிழுத்துக் கொடுத்துவிட்டால் என்ன?"

இது புது யோசனையல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் விலைபோகாத மாளிகை ஒன்றை அதன் உரிமையாளர் 2017இல் 2 பவுண் டிக்கட்டுகள் மூலம் கைமாற்றினார். ஆனால் அந்நாட்டுச் சட்டம் வேறு, எமது சட்டம் வேறு.

இலங்கையில் 1844ஆம் ஆண்டின் லொத்தர் கட்டளைச் சட்டம் இன்னும் உண்டு. தேசிய லொத்தர் சபையும் அபிவிருத்தி லொத்தர் சபையும் தனிச் சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. தனியார் ஒருவர் டிக்கட் அச்சடித்து விற்பதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

அடுத்தது உறுதி. டிக்கட் உறுதியாகாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தாமல் காணி கைமாறாது. காணி அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலாளரின் சம்மதமும் வேண்டும். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால், புதிதாக எதையும் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. இவற்றை டிக்கட் வாங்குபவருக்கு யார் சொல்வது?

வரியைப் பாருங்கள். ஒரு கோடி பெறுமதியான வீட்டின் விற்பனை உறுதிக்கு, முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமுமாக முத்திரை வரி 3,99,000 ரூபா. விற்பவரின் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி. தானே குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனைகளுடன் விலக்குண்டு. லொத்தர் வெற்றி 5 இலட்சத்தைத் தாண்டினால் 14 சதவீத வரி. ஒரு கோடிக்கு அது 14 இலட்சம். ஆயிரம் ரூபாவுக்கு டிக்கட் எடுத்த கூலித்தொழிலாளி இப்பணத்துக்கு எங்கே போவார்? வென்ற வீட்டையே விற்கவேண்டி வரும். அதை வாங்கத்தான் ஆளில்லையே!

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் வெல்ல 9,999 பேர் இழக்கும் இக்கொடுக்கல் வாங்கல், சூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் தடுத்த சூதாட்டமன்றி வேறென்ன? 'பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு' என்று சேர்த்தாலும் அது ஹலாலாகாது.

வழியில்லையா என்றால் உண்டு. ஆவணங்களைச் சரிபார்த்து, கடலரிப்பை மறைக்காமல் சொல்லி, மூடிய உறையில் விலை கேளுங்கள். அல்லது நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதி, வட்டியின்றித் தவணையில் விற்றுவிடுங்கள். கிடைப்பது ஒரு கோடியிலும் குறையலாம். ஆனால் வாங்கியவரை அடுத்த நாள் சந்தையில் கண்டால் தலைகுனிய வேண்டியிராது. வியாபாரிக்கு அந்த நம்பிக்கைதானே முதல்?