சாலையைத் தாண்டிய ஆலமரம்

கொல்கத்தாவில் மரத்தை வெட்டினால் வழக்கு வரும். மெட்ரோ வேலைக்காக மைதானத்து மரங்களில் கைவைக்கப் போனபோது, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதே மரத்தின் அடியைச் சுற்றி சிமென்ட் பூசி, டைல்ஸ் பதித்து, பெஞ்சு போட்டால் வழக்கு இல்லை, திறப்பு விழாதான். அழகுபடுத்தல் என்று அதற்குப் பெயர்.

ரவீந்திர சரோவரையே பார்க்கலாம். தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்கள் தலைமுறைகளாகக் காலை நடை போகும் ஏரி. 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டியது, 1958இல் தாகூர் பெயர் பெற்றது. எழுபத்து மூன்று ஏக்கர் தண்ணீர், சுற்றிலும் மரங்கள். நடப்பவர்களுக்கோ சருகு ஆகாது, மண் ஆகாது, பாதையில் புடைக்கும் வேர் அறவே ஆகாது. அவர்களுக்காக இங்கும் மரத்தடியில் அதே பூச்சு.

இந்த விஷயத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்கு வரும் பனிச்சறுக்குக்காரர்கள் விவரமானவர்கள். கற்றுக்குட்டிகளுக்கு இயந்திரம் விட்டு வாரிச் சமப்படுத்திய சரிவு உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து மெனக்கெட்டு வருகிறவன் அதற்காக வருவதில்லை. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியில் ஏறி, யாரும் மிதிக்காத பனியில் இறங்கி, பாபா ரேஷி பக்கம் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகத்தான் வருகிறான். அங்கே ஆபத்தும் உண்டு. மரத்தடியில் பொதபொதவென்று கிடக்கும் பனி ஆளையே விழுங்கிவிடும். அதற்காகக் காட்டை மெழுகித் தா என்று அவன் மனுப் போடுவதில்லை. சமச்சரிவு ஒருபுறம், காடு ஒருபுறம். கொல்கத்தாவில் அந்த இரண்டாவது புறமே இல்லாமல் போகிறது.

மேற்கு வங்கத்தின் ஜெஸ்ஸோர் சாலை மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021இல் மரத்துக்கு ஒரு விலை சொன்னது: ஆண்டுக்கு 74,500 ரூபாய், அதை வயதால் பெருக்க வேண்டும். அப்படியானால் ஏரிக்கரையில் நிற்கும் அறுபது வயது மரத்தின் மதிப்பு 44 லட்சத்து 70 ஆயிரம். டைல்ஸ் பதித்த ஒப்பந்தக்காரரின் பில்லில் இதற்கு ஒரு வரி உண்டா? (2023இல் அந்தச் சாலையில் 305 மரங்களை வெட்ட அதே நீதிமன்றம் அனுமதித்தது வேறு கதை.)

2020 மே 20 அன்று அம்பான் புயல் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மூச்சுவிட மண் இல்லாத வேர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சிமென்ட் இல்லாத இடத்திலும் மரம் விழுந்ததே என்பார்கள். விழுந்தது; அதை வைத்து சிமென்டுக்கு நற்சான்று எழுத முடியாது. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு கான்கிரீட்டைப் பெயர்க்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது.

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், 1787இல் தொடங்கிய சிப்பூர் தாவரவியல் பூங்காவில், பெரிய ஆலமரத்தைச் சுற்றி 330 மீட்டருக்கு ஒரு சாலை போட்டார்கள். நோய் பிடித்த நடு அடிமரத்தை 1925இல் அகற்றியாயிற்று. ஆனாலும் மரம் விழுதாக இறக்கி இறக்கி நடந்து, அந்தச் சாலையைத் தாண்டி அப்பால் போய்விட்டது. கீழே மண் இருந்தது, போக முடிந்தது.

சரோவர் மரங்களுக்கும் அந்த மண் வேண்டும். கால்பைசாகி என்னும் கோடைப் புயல்காற்று அடுத்து அடிக்கும் முன்பே ஒவ்வொரு மரத்தடியிலும் அந்த ஒரு மீட்டர் சிமென்டை உடைத்தெடுக்க வேண்டும். கரையில் பாதியை நடப்பவர்களுக்கே மூடிவிடலாம். முழங்கால் வலிக்காரர்கள் மீதிப் பாதியில் இரண்டு தடவை போய்வரட்டும்.