ஆராய்ச்சிக்கூடத்து வேதவாக்கும் ஏழைக் கைதியின் அப்பீலும்

ஒரு ஏழை கொலைக் கேஸில் தண்டிக்கப்பட்டு ஜெயிலுக்குப் போன பின், அவன் செய்துகொள்ளும் அப்பீலுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது சர்க்காரின் கடமை என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவனுக்குத் தீர்ப்பின் நகலை இனாமாகக் கொடுக்க வேண்டும், அப்பீல் நடத்த வக்கீலும் கொடுக்க வேண்டும் என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு 1995-ல் அமுலுக்கு வந்தது. காவலில் இருக்கிறவன் தன் வருமானக் கணக்கைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் நமது கேள்வி வேறு. அந்த ஏழையை ஜெயிலுக்கு அனுப்பியது சாட்சியின் வாயல்ல, ஆராய்ச்சிக்கூடத்தின் அறிக்கைதான் என்றால், அவனுக்கு வக்கீல் மாத்திரம் போதுமா?

இப்பொழுது கேஸ்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். ரத்தக்கறை, முடி, கைரேகை, தோட்டாவின் கீறல், டி.என்.ஏ. என்கின்ற மரபணு ஆகியவற்றைச் சோதித்து நிபுணர் ஒருவர் அறிக்கை அனுப்புகிறார். 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆவது பிரிவு, சர்க்கார் நிபுணர்கள் சிலருடைய அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு 329-ஆவது பிரிவாக நிலைத்திருக்கிறது. கோர்ட்டு விரும்பினால் நிபுணரைக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிடு என்று கேட்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டுமே! அதே புதுச் சட்டம், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்றும், மாகாணங்கள் இதை ஐந்து வருஷத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் அடித்து வாங்குகிற வாக்குமூலத்தைவிட ரத்தக்கறை எவ்வளவோ யோக்கியமான சாட்சி. ஆனால் இந்தச் செலவெல்லாம் ஒரு பக்கத்துக்கே ஆகின்றது. குற்றஞ்சாட்டும் பக்கத்துக்குச் சர்க்கார் வக்கீல், சர்க்கார் கூடம், சர்க்கார் நிபுணர். எதிர்ப்பக்கத்து ஏழைக்கோ இனாம் வக்கீல் ஒருவர். அவர் ரசாயனம் படித்தவரல்ல. அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, "இது பொய் அறிக்கை என்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இது கற்பனையல்ல. தேனி ஜில்லா சுருளி அருவிப் பக்கம் 2011-ல் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் கொல்லப்பட்ட கேஸில், 2018-ல் ஒருவனுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2019-ல் மதுரை ஐக்கோர்ட்டுக் கிளை அதை உறுதி செய்தது. டி.என்.ஏ. அறிக்கை அந்தக் கேஸின் முக்கியமான தூணாக நின்றது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவனை விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் யார் கையில், எங்கே, எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்று கண்டது. இனி எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆராய்ச்சிக்கூடம் போய்ச் சேரவேண்டும், கை மாறியதற்கெல்லாம் பதிவேடு இருக்கவேண்டும் என்று தேசம் முழுமைக்கும் உத்தரவும் போட்டது. ஓர் அரிசி மூட்டை கிடங்கிலிருந்து கடைக்குப் போவதற்குச் சீட்டு இருக்கிறது. ஒரு மனிதனைத் தூக்கிலிடப் போகும் பஞ்சுத் துண்டுக்குச் சீட்டு இல்லை!

டில்லியில் 2012-ல் ஒரு இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை பற்றிய கேஸிலும் தூக்குத் தண்டனை பெற்ற மூவரை 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. டி.என்.ஏ. அறிக்கையின் அடிப்படை என்ன, சோதனை முறை சரியாகக் கையாளப்பட்டதா என்று கீழ்க் கோர்ட்டும் ஐக்கோர்ட்டும் பார்க்கவே இல்லை என்பது அத்தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த மூவர் உத்தமர்கள் என்பது நமது வாதமல்ல. பத்து வருஷம் கழித்துக் கேட்ட கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், பெண்ணைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் இந்தக் கதி வந்திராது என்பதே நாம் சொல்லுவது.

இவையெல்லாம் தூக்குக் கேஸ்கள். தூக்கு விதித்தால் கேஸ் தானாகவே ஐக்கோர்ட்டுக்குப் போகிறது. நாலு பேர் கவனிக்கிறார்கள். ஆயுள் தண்டனை பெற்றுப் பாளையங்கோட்டையிலோ வேலூரிலோ கிடக்கிறவனுடைய அறிக்கையை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

பொதுப்பணம் இதில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே எப்.பி.ஐ. என்னும் மத்தியப் போலீஸ் இலாகாவின் நிபுணர்கள், சம்பவ இடத்தில் கிடைத்த முடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது இவனுடைய முடியே என்கிற மாதிரி பல வருஷங்களாகச் சாட்சி சொல்லி வந்தார்கள். வாஷிங்டன் நகரத்தில் பொதுப்பணத்தில் சம்பளம் பெறும் தற்காப்பு வக்கீல்கள் சிலர், பழைய கைதிகளுக்காக அந்தக் கேஸ்களின் தடயங்களை மரபணுச் சோதனைக்கு அனுப்ப வைத்தார்கள். 2009-லும் 2012-லும் மூன்று பேர் நிரபராதிகள் என்று ருசுவாயிற்று. ஒவ்வொருவரும் இருபது வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவனுடைய கேஸில் பதின்மூன்று முடிகளைச் சோதித்ததில் ஒன்றுகூட அவனுடையதல்ல. ஒன்று நாயின் முடி! அதன் பிறகுதான் எப்.பி.ஐ. பழைய கேஸ்களைத் தோண்டியது. 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, முடிச் சாட்சியம் எதிரிக்குப் பாதகமாகச் சொல்லப்பட்ட 268 விசாரணைகளில் 257-ல் தப்பான சாட்சியம் இருந்தது. தப்பு இருந்த தூக்குக் கேஸ்கள் 33. அவற்றில் 9 பேர் ஏற்கெனவே கொல்லப்பட்டு விட்டார்கள். சம்பளம் கொடுத்து வைத்த சில வக்கீல்கள் விடாப்பிடியாகக் கேட்டிராவிட்டால் நாயின் முடி இன்றைக்கும் மனிதனின் முடியாகவே இருந்திருக்கும்.

நிற்க, நம்மைப் பார்த்துச் சிலர் கேட்பார்கள்: "விஞ்ஞானம் விஞ்ஞானம் என்று பேசுகிற பகுத்தறிவுக்காரர்களா விஞ்ஞானத்தைச் சந்தேகிக்கிறீர்கள்?" என்று. சுசீந்திரம் கோயிலில் "கைமுக்கு" என்று ஒரு சோதனை இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை விடவேண்டும்; கை வேகாவிட்டால் நிரபராதி. மனுதர்மத்தின் எட்டாவது அத்தியாயத்திலும் நெருப்பையும் தண்ணீரையும் சாட்சியாக வைக்கும் விதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்படும் வரை கைமுக்கு நடந்தது. நெய்யின் சூடு எவ்வளவு என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லாதிருந்ததுதான் அதன் பலம். விஞ்ஞானத்தின் யோக்கியதையோ, "நீயும் அளந்து பார்" என்று சொல்லுவதில் இருக்கிறது. அளந்து பார்க்க எதிரிக்கு வழியில்லாத அறிக்கை, எத்தனை யந்திரத்தில் அச்சானாலும், சாஸ்திரிகள் எழுதிக் கொடுத்த சீட்டுக்குச் சமானமே. ஆராய்ச்சிக்கூடத்துத் தோழர்கள்மீது நமக்குப் பகையில்லை. கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் அவர்களுடைய வேலையும் சுத்தமாகும்.

கொலைகாரனுக்கு எதற்குப் பொதுப்பணம் என்கிறவர்களுக்குப் பதில் சுருக்கமானது. அவனைப் பிடிக்கவும், விசாரிக்கவும், பல வருஷம் சோறு போடவும் பொதுப்பணம்தானே செலவாகிறது? தப்பான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே திரிகிறான். பணக்காரனுக்கு இந்தக் கவலையே இல்லை. அவன் ஓய்வு பெற்ற நிபுணரைப் பீஸ் கொடுத்து அமர்த்திக்கொள்ளுகிறான். ஜெயில்களில் இருப்போரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தாழ்த்தப்பட்டோரும், பழங்குடியினரும், பிற்படுத்தப்பட்டோருமே என்பதைச் சர்க்கார் கணக்கே காட்டுகிறது. ஆகவே பீஸ் கொடுக்க முடியாதவர்கள் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் புதுச் சட்டம்கூட அவசியமில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டம், சட்டப் பணி என்றால் கேஸ் நடத்துவதற்கான எந்தச் சேவையும் அடங்கும் என்றே விரிவாகச் சொல்லியிருக்கிறது. போலீஸுக்குக் கட்டுப்படாத நிபுணர் ஒருவரை அப்பீலுக்கு அமர்த்துவதும், மீந்த மாதிரியை வேறு கூடத்தில் சோதிப்பதும் அந்த வார்த்தைக்குள் அடங்காதா? அப்பீல் கோர்ட்டுக்கும் புதிய சாட்சியம் எடுக்க அதிகாரம் இருக்கிறது. தடய அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து, போலீஸ் இலாகாவின் கையில் கொடாமல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தோழர்கள் இதைக் கேட்கவேண்டும்.

அதுவரையில், உறவினர் யாராவது இப்படித் தண்டனை பெற்று ஜெயிலில் இருந்தால், ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்லுவார்கள். தீர்ப்பின் நகலோடு ஆராய்ச்சிக்கூட அறிக்கையின் நகலையும், மாதிரி அனுப்பிய தேதி காட்டும் கடிதங்களின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். அறிக்கை கொடுத்த நிபுணரைக் கூப்பிட மனுப் போடும்படி அப்பீல் வக்கீலை வற்புறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கேஸ் சாமான்களை அப்பீல் முடியும் வரை அழிக்கக்கூடாது என்று ஒரு மனுவைக் கொடுத்துவிடுங்கள். துணியையும் பஞ்சையும் கொளுத்திய பிறகு எந்த நிபுணர் வந்தும் பிரயோஜனமில்லை.