ஆற வைத்த களி

பெரும்பாணாற்றுப்படையைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் பகுதியை மட்டும் நடத்தியதில்லை, கடந்து போயிருக்கிறேன். சென்ற பருவத்தில் உத்தமபாளையம் பக்கத்து மாணவி ஒருத்தி, "களியை எதுக்குங்க ஐயா ஆற வைக்கிறாங்க?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. உரைகளைப் புரட்டினேன். பொருள் இருந்தது, காரணம் இல்லை.

உருத்திரங்கண்ணனார் எதையும் விட்டுவிடவில்லை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற பிழாவில் இட்டு உலர ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்லடையை அதன் பின்னரே கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடிக்குள் விளைய விடுகிறார்கள். நல்லடையை நெல்முளை என்பது உரைமரபு. முளையிலுள்ள நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயமாக்கும். கொதிக்கும் களியில் கலந்தால் இரண்டுமே அழியும். 50 பாகை வெப்பத்துக்கு மேல் ஈஸ்ட் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மேலைநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் வெப்பமானியும் குளிர்பெட்டியும் வைத்துக்கொண்டு 18 முதல் 22 பாகைக்குள் நிறுத்தப் பாடுபடுவதும் இதன் தொடர்ச்சிதான். புளிக்கும்போது பானையே சூடு பிறப்பிக்கும்; சூடு மிகுந்தால் சுவை கெட்டுக் காரமேறும். (நம் மாநிலத்தில் வீட்டில் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். யாரையும் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை.)

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "சூட்டோட தயிருக்கு உறை ஊத்துவியாடா?" என்றார். சித்திரையில் இட்லி மாவுச் சட்டியை ஈரமணலில் வைப்பதும், மார்கழியில் மலைக்காற்று இறங்கும்போது அடுப்படிக்கு நகர்த்துவதும் அவர் வழக்கம். பாகைக் கணக்கு அவருக்குத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கின் காற்றும் வெயிலும் தெரியும்.

பாரியின் பறம்பைப் பாடும் கபிலர், புறநானூறு 120இல் நிலத்தில் புதைத்து முதிர்ந்த தேறலைச் சொல்கிறார். மண்ணுக்கடியில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதிகம் எட்டாது. ஐரோப்பிய மதுவாலைகளுக்கு 1870களில் லிண்டேயின் குளிர்விப்பு இயந்திரம் வரும்வரை நிலவறையும் பனிக்கட்டியுமே கதி. பறம்பின் தினைப்புனத்தாருக்கு மண் போதுமானதாக இருந்தது.

இவற்றை வளமையின் அடையாளம், விருந்தோம்பலின் அணி என்றே எழுதிவந்திருக்கிறோம். கள் என்றதும் நமக்கு ஒரு கூச்சம். அக்கூச்சத்தில் ஒரு தொழிலறிவையே தாண்டிவிட்டோம். உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் தேர்வில் நாம் கேட்பது, 'சங்ககாலக் கள் வகைகளைப் பட்டியலிடுக' என்பதுதான். நானே மூன்று முறை கேட்டிருக்கிறேன். பட்டியல் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்திருக்கிறேன்.

இந்தப் பருவத்துக்கு அவ்வினாவை அடித்துவிட்டு, அந்த மாணவியின் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். வினாத்தாள் குழு ஏற்குமா என்று பார்க்க வேண்டும்.