சின்ன ஸ்கூல், ரெண்டு கட்சி

அமெரிக்காவுல சின்ன யூத டே ஸ்கூல் எதைப் பத்திப் பேசினாலும் பெத்தவங்க ரெண்டு கட்சியா நிப்பாங்க. டீச்சருக்கு என் பொண்ணு சாப்பிடாததுகூடத் தெரியும்னு ஒருத்தர் உருகுவார். எட்டு வருஷமும் அதே பன்னெண்டு மூஞ்சி, ஒருத்தன் வம்பு பண்ணா ஒதுங்க வேற செக்‌ஷன் இல்லைம்பார் இன்னொருத்தர். ரெண்டும் நிஜம்தாங்க.

எனக்குக் கடுப்பு எங்கேன்னா, ரெண்டாவது ஆளைச் சமூகத் துரோகி ரேஞ்சுக்குப் பார்க்கிறது. பாதி நாள் ஹீப்ரூ, தோரா. மீதி நாள் கணக்கு, அறிவியல். டிஸ்லெக்ஸியா இருக்கிற பிள்ளை வலமிருந்து இடம் ஒரு எழுத்து, இடமிருந்து வலம் இன்னொண்ணுன்னு முட்டி மோதணும். அரசுப் பள்ளியா இருந்தா, 1975-ல வந்த சட்டப்படி இலவசமா தனி உதவி செஞ்சே ஆகணும். தனியாருக்கு அந்தக் கட்டாயம் அப்படியே கிடையாது. சின்ன ஸ்கூல்ல அதுக்குன்னு ஒரு ஸ்பெஷல் டீச்சர் வைக்கக் காசு எங்கே? (ஃபீஸ் மட்டும் ஆயிரக்கணக்கான டாலர், சாமி!)

அந்த அம்மா பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாத்தினா ஹீப்ரூ போச்சு, சிநேகிதங்க போச்சு. இதைத் தெரிஞ்சே மாத்துறவங்களைப் பார்த்து பற்று இல்லைன்னு சொல்றீங்களே, அந்த ஸ்பெஷல் டீச்சருக்கு நிதி திரட்ட எத்தனை பேர் வந்தீங்க?